பொய் வெளிச்சம்

தொழிற்சாலைக் குடியிருப்பில் அவருக்குப் பெயர் ‘கண்ணைத்திற’. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடுகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை போய், அவர்களைப் படம் எடுத்து, படத்தின் பின்புறம் ‘உயிருடன் நேரில் கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஓய்வு பெற்ற தொழிலாளியோ அவர் மனைவியோ உயிரோடு இருக்கும்வரை வீடு அந்தக் குடும்பத்துக்கு. நடமாடுகிறவர்கள் ஆபீசுக்கே போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவார்கள். முடியாதவர்களுக்கு இந்தப் படம். ஆபீஸ் தாள்களில் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. குடியிருப்பில் எல்லோரும் உயிர்ப்படம் என்றார்கள்.

படத்தில் கண் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. மூடியிருந்தால் படம் திரும்பி வரும், இவர் மறுபடி சைக்கிளை மிதிக்க வேண்டும். அதனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

தொழிலை யாரும் அவருக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. ஒரு ஸ்டூடியோவில் திரை மாற்றிப் போடுகிறவராகச் சேர்ந்து, மற்றவர்கள் விளக்கை எங்கே வைக்கிறார்கள், ஏன் அரை அடி தள்ளி வைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டவர். பெரிய விளக்குகளோடு பழகிய அந்த மனிதருக்கு ஆபீஸ் கொடுத்தது சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. அதன் ஃபிளாஷ் லென்சுக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு இருந்தது. அந்த வெளிச்சம் நேராகப் போய் முகத்தில் அறையும். நெற்றி பளபளக்கும், கன்னக்குழி காணாமல் போகும், தலைக்குப் பின்னால் சுவரில் கரியால் இழுத்த மாதிரி ஒரு நிழல் விழும்.

முதல் வருடப் படங்களை ஆபீஸ் கிளார்க் மேஜையில் பரப்பிப் பார்த்தார்.

“என்னய்யா இது, உயிர்ப்படம் கேட்டா பிணப்படம் கொண்டு வந்திருக்கே.”

“ஆளுங்க நல்லாத்தான் இருக்காங்க சார். வெளிச்சம்தான் சரியில்லை.”

“அப்ப வெளிச்சத்துக்கு வைத்தியம் பாரு.”

அந்தக் கேமராவின் தலையில் வெளி ஃபிளாஷ் மாட்ட இடமே கிடையாது. கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தார். உள்ளங்கை அளவு ஃபிளாஷ், அதன் நெற்றியில் மிளகு அளவுக்கு ஒரு கண். எங்கே ஒரு ஃபிளாஷ் அடித்தாலும் அந்தக் கண் பார்த்துவிடும், பார்த்த அதே கணத்தில் தானும் அடிக்கும். கம்பி வேண்டாம். பீரோ மேல் வைத்துக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டால், வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டு மெதுவாக முகத்தில் இறங்கும். கடைக்காரர் அதற்கு அடிமை ஃபிளாஷ் என்று பெயர் சொன்னார். வீட்டில் வந்து அப்படியே சொன்னபோது மனைவி முறைத்தாள்.

“இந்த வீட்டுக்கு ஒரு அடிமை போதும். நான் இருக்கேன்ல.”

“அப்ப வேற பேர் வையேன்.”

“கூட்டாளின்னு சொல்லுங்க. நீங்க கூப்பிட்டதும் பதில் குடுக்கறது ஊரிலேயே அது ஒண்ணுதான்.”

கூட்டாளி என்றே பெயர் நிலைத்தது. ஆனால் முதல் வாரம் படங்கள் எல்லாம் இருட்டு. கூட்டாளி பளீரென்று அடித்ததை இவர் கண்ணால் பார்த்தார், படத்தில் அந்த வெளிச்சத்தின் தடம் கூட இல்லை. மூன்று நாள் யோசித்தார். பிறகு மின்விசிறியின் ஒரு இறக்கையில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதை ஓடவிட்டு, ஜன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டு, கூட்டாளியை ஒதுக்கிவைத்து, கேமராவை மட்டும் அழுத்தினார். ஓடுகிற தாள் ஒரே அழுத்தலில் அவர் கண்ணுக்கு இரண்டு இடங்களில் நின்று தெரிந்தது.

அப்படியானால் அந்த நகமளவு ஃபிளாஷ் ஒரு முறை அடிக்கவில்லை, இரண்டு முறை அடிக்கிறது. முதலில் ஒன்று அளந்து பார்க்க. அடுத்த கண்ணிமைப்பொழுதில் இன்னொன்று படத்துக்காக. மற்ற நேரத்தில் இரண்டும் ஒன்றாகவே நம் கண்ணுக்குத் தெரிகின்றன. கூட்டாளி முதல் வெளிச்சத்தைப் பார்த்ததுமே தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, படம் விழும் நேரத்தில் காலியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த முதல் வெளிச்சத்துக்கு இவர் வைத்த பெயர் பொய் வெளிச்சம்.

கூட்டாளியின் முதுகில் ஒன்று, இரண்டு என்று குறித்த பொத்தான் இருந்தது. இரண்டில் வைத்தால் பொய்யை விட்டுவிட்டு மெய்க்கு அடிக்கும். படத்தில் வெளிச்சம் வந்தது, ஆனால் கண்கள் போயின. பொய் வெளிச்சம் பட்டதும் இமை இறங்கும், மெய் வெளிச்சம் இறங்கிய இமைமேல் விழும். முப்பத்தெட்டு வீடுகளில் எடுத்த முப்பத்தெட்டு படங்களில் ஒருவர் கண்ணும் முழுதாகத் திறந்திருக்கவில்லை. கடைசியில் கேமராவின் மேல் இருந்த சக்கரத்தைத் திருப்பி, தானாக அளக்கும் வேலையை நிறுத்தி, எல்லாவற்றையும் கையால் வைத்தார். அப்போது ஃபிளாஷ் ஒரே முறைதான் அடித்தது. வெள்ளைத் தாளை மடித்து அந்தக் கேமரா ஃபிளாஷின்மேல் ஒட்டினார். கூட்டாளிக்கு ஜாடை காட்டும் அளவு வெளிச்சம் கசிந்தால் போதுமே. கூட்டாளி ஒன்றாம் எண்ணில். அதன் பிறகு எல்லார் கண்ணும் திறந்திருந்தது. கிளார்க் படங்களைப் பார்த்துவிட்டு, “இப்பத்தான்யா வீட்டுக்கு ஆள் வந்திருக்கு” என்றார்.

ஐந்தாவது வருடம், கடைசி வரிசையின் கடைசி வீட்டுக்கு ஒரு காலை பதினொரு மணிக்குப் போனார். கிரேன் ஓட்டி, முன்பே காலமானவரின் மனைவி அங்கே படுக்கையில் இருந்தார். உடன் இருந்தது மகள், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தவள், நாற்பதைத் தாண்டியவள். தாய்க்குத் தலைவாரி, கழுத்துவரை வெள்ளைப் போர்வை இழுத்துவிட்டிருந்தாள். மேலே மின்விசிறி ஓடியது. போர்வை லேசாக எழுந்து எழுந்து அடங்கியது.

“கண்ணைத் திறங்கம்மா” என்றார் வழக்கம்போல.

“திறந்துதான் இருக்காங்க அண்ணா” என்றாள் மகள்.

ஆமாம், திறந்திருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் போய் ஜன்னலை ஒட்டி நின்று, கூட்டாளியை மெஷின் மேல் வைத்துக் கூரைக்குத் திருப்பி, கேமராவை அழுத்தினார். அறை வெளுத்து அடங்கியது. கேமராவின் திரையில் படம் மங்கலாக வந்தது. பார்த்தால், சட்டைப்பையில் உரசி உரசிச் சக்கரம் தானாக அளக்கும் பழைய இடத்துக்கு, தானியங்கிக்கு, போயிருந்தது.

“இன்னொண்ணு எடுத்துடறேன்மா. ஒரு நிமிஷம்.”

“போதும் அண்ணா. அம்மா களைச்சுப் போயிருக்காங்க.” மகள் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

முகம் அடையாளம் தெரிகிறது, கண் திறந்திருக்கிறது, மங்கலைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம். இவர் கிளம்பிவிட்டார். மதியம் படத்தை அச்சிட்டு, பின்புறம் வழக்கமான வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்தார்.

மறுநாள் கிளார்க் சொன்னார்: “நல்ல நேரத்துல எடுத்தேய்யா. அந்தக் கடைசி வீட்டு அம்மா நேத்து சாயங்காலம் நாலு மணிக்குப் போயிட்டாங்களாம். இந்த வருஷப் படம் வந்துட்டதால, விதிப்படி வருஷம் முடியறவரை பொண்ணு வீட்டுல இருந்துக்கலாம்.”

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தை மறுபடி திறந்தார். ஒரு வருத்தத்தில் திறந்ததுதான், வேறெதுவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தவர் படத்தைப் பெரிதாக்கினார். சக்கரம் தானியங்கியில் இருந்தது. அப்படியானால் பொய் வெளிச்சம் அடித்திருக்கிறது. கூட்டாளி ஒன்றாம் எண்ணில் இருந்ததால் அதுவும் பொய்யோடு சேர்ந்து முழு பலத்தோடு அடித்திருக்கிறது. படம் மங்கலாக வந்ததே அதனால்தான்: வெளிச்சம் தாராளம் என்று நம்பி, கேமரா தன் இரண்டாம் வெளிச்சத்தைச் சுருக்கிக்கொண்டது. ஆக, அந்த முகத்தில் அத்தனை வெளிச்சம் விழுந்து, அதற்குப் பிறகு எடுக்கப்பட்ட படம் இது. கண்கள் முழுதாகத் திறந்திருந்தன. இமை ஒரு நூல் அளவும் இறங்கவில்லை.

பழைய முப்பத்தெட்டு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் மூடிய கண்கள், அரைக்கண்கள். அதிலே அந்த அம்மாவும் இருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால், மற்றவர்களைப் போலவே இமை இறங்கி, உதடு கோணி.

மனைவியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“எதுக்கு இப்போ?”

“கண்ணை மூடாம இரு. எவ்வளவு முடியுமோ அவ்வளவு.”

சக்கரத்தைத் தானியங்கியில் வைத்து ஒன்பது முறை எடுத்தார். ஒன்பதிலும் மூடியிருந்தாள்.

“இன்னொரு தடவை என் மூஞ்சியில அடிச்சீங்க, கூட்டாளி ரெண்டு துண்டா உங்க கூட வரும்” என்று எழுந்தவள், கணவனின் முகத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். “என்னங்க ஆச்சு?”

சொன்னார்.

“பதினொரு மணிக்கே போயிருந்தா, பெத்த பொண்ணுக்குத் தெரியாதா?”

“அதைத்தான் நானும் கேக்கணும்.”

ஆனால் கேட்கப் போகவில்லை. ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரத்தில் எதிர்வரிசைப் பட்டறையில் வெல்டிங் வேலை நடந்தது. அலமாரியில் அணைக்காமல் விட்டிருந்த கூட்டாளி, ஜன்னல் வழியாக வந்த நீல வெட்டொளியைப் பார்த்து, பட்டப்பகலில் தானாக அடித்தது. காரணம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தன் இமை மூடித் திறப்பதைக் கவனித்தார். என் கண் மூடுகிறது, அந்த அம்மாவின் கண் மூடவில்லை. தண்ணீர் குடிக்கும்போதும், சைக்கிளைத் துடைக்கும்போதும், யாராவது ‘வாங்க கண்ணைத்திற’ என்று தெருவில் கூப்பிடும்போதும் அந்த ஒரே நினைப்பு. போர்வை எழுந்து அடங்கியதை நினைத்துப் பார்த்தார். அது விசிறிக் காற்று. அம்மா தன்னைப் பார்த்ததை நினைத்துப் பார்த்தார். அம்மா எங்கே தன்னைப் பார்த்தார்? அம்மா பார்த்த பக்கத்தில் இவர் அல்லவா போய் நின்றார். உயிருடன் நேரில் கண்டேன் என்று எழுதியவர், கண்டது என்ன என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

எட்டாம் நாள் போனார். மகள் தைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. இவர் கேட்க வந்ததைக் கேட்குமுன் அவளே மெஷினை நிறுத்தினாள்.

“நானே வரணும்னு இருந்தேன் அண்ணா. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க படம் எடுக்கறப்ப, அம்மா உங்களைப் பார்த்தாங்களா?”

“நீதானேம்மா பக்கத்துல இருந்தே.”

“ஆறு மணிக்குத் தண்ணி குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாங்க. பத்து மணிக்குத் தலைவாரினேன். கை சூடா இருக்கா, மூச்சு வருதான்னு பார்க்கலை.” அவள் துணியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள். “பார்க்க மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. வேணும்னேதான் பார்க்கலை. நீங்க வந்துட்டுப் போயிடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்தேன். நீங்க போனதுக்கப்புறமும் பயம். மூணு மணிக்குத்தான் தொட்டேன். நாலு மணிக்கு டாக்டர் வந்தார். அவர் வந்த நேரத்தையே எழுதிட்டார்.”

அவள் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தாள்.

“வீட்டை விட்டுடறேன் அண்ணா, அது பெரிசில்லை. அன்னைக்கு காலையில நான் அம்மாவுக்குத் தலைவாரினேனா, இல்ல... அது மட்டும் தெரிஞ்சா போதும். நீங்கதான் பார்த்தீங்க. சொல்லுங்க.”

பார்த்தாங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். விளக்கை அரை அடி தள்ளி வைப்பதற்கு அரை நாள் யோசிக்கிற மனிதருக்கு அது வரவில்லை. சக்கரம் நகர்ந்திருந்ததை, பொய் வெளிச்சத்தை, முப்பத்தெட்டு படங்களை எல்லாம் முறையாகச் சொன்னார். கடைசியில், “மத்த எல்லாரும் மூடினாங்கம்மா. அவங்க மூடலை” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். மெஷின் பக்கம் திரும்பினாள், ஆனால் மிதிக்கவில்லை. இவர் வாசலைத் தாண்டி, வரிசையின் முனைவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்வரையிலும் மெஷின் சத்தம் வரவில்லை.

அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போய், தன் கையெழுத்தைத் திரும்பக் கேட்டார். படம் எடுத்தது உண்மை, உயிருடன் கண்டேனா என்பது தெரியாது, அப்படி மாற்றி எழுதித் தருகிறேன் என்றார்.

கிளார்க் படிவத்தை எடுத்துக் காட்டினார். “இங்க பாரு. கண்டேன்னு ஒரு கட்டம். காணலைன்னு ஒரு கட்டம். தெரியாதுக்குக் கட்டம் எங்கே இருக்கு?”

“ஓரத்துல எழுதலாமே சார்.”

“ஓரத்துல எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. டாக்டர் நாலு மணின்னு எழுதியிருக்கார், நீ பதினொண்ணுன்னு எழுதியிருக்கே. கணக்கு நேராத்தானே இருக்கு. போய் வேலையைப் பாருய்யா.”

அதன் பிறகு அவர் வேலை பார்த்த விதம் மாறியது. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு படம் எடுத்தார். முதல் படம் சக்கரத்தைத் தானியங்கியில் வைத்து, பொய் வெளிச்சத்தோடு. திரையில் மூடிய கண்களைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவார். பிறகு சக்கரத்தைத் திருப்பி ஆபீசுக்கான படம். ‘கண்ணைத்திற’ இப்போது ‘கண்ணைமூடு’ ஆகிவிட்டார் என்று குடியிருப்பில் சிரித்தார்கள். மூடிய கண்களின் படங்களை வீட்டில் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்தார். எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். அவர் மனைவி அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டாள். “வரிசையா செத்துக் கிடக்கற மாதிரி இருக்கு” என்றாள். “கிடையாது, அதுதான் உயிர்” என்றார் இவர்.

அந்த வருடத்தின் கடைசி வீடு உலைக்காரருடையது. இருபத்தெட்டு வருடம் உலை வாயில் நின்றவர், இப்போது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மருமகள் தலையணையை நிமிர்த்திவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இவர் முதல் படத்தை எடுத்தார். திரையைப் பார்த்தார். இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்திருந்தன.

சக்கரத்தைப் பார்த்தார். தானியங்கியில்தான் இருந்தது. கேமராவைக் கட்டிலில் போட்டுவிட்டு, எட்டிக் கிழவரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கையை விடுய்யா” என்றார் உலைக்காரர். “நான் இன்னும் இருக்கேன்.”

“கண்ணை மூடவே இல்லையே.”

“எதுக்கு மூடணும்? உலைக்குள்ள இரும்பு வெளுக்கறதைக் கண்ணாடி போடாம பார்த்தவன் நான். உன் பொம்மை வெளிச்சத்துக்கு மூடுவேனா?”

“இன்னொண்ணு எடுக்கட்டுமா?”

“பத்து எடு. வேலை வெட்டியா எனக்கு இருக்கு?”

பத்து எடுத்தார். இரண்டில் லேசாக இறங்கியிருந்தது. எட்டில் அசையவே இல்லை. இவர் அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மருமகள் டீயோடு வந்து, “மாமா ஏதாவது சொல்லிட்டாரா? அவர் வாய் அப்படித்தான்” என்றாள்.

மறுநாள் காலை பத்துப் படங்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். மகள் வீட்டைக் காலிசெய்யத் தொடங்கியிருந்தாள். துணிகள் மூட்டையாகக் கிடந்தன. மெஷின் மட்டும் மூடாமல் நின்றது. அதன் பலகையில் படங்களைப் பரப்பினார்.

“இவர் உயிரோட இருக்கார்மா. நேத்து காலையில என்னைத் திட்டினார். பொய் வெளிச்சத்துக்கு எட்டு தடவை கண்ணை மூடலை.”

அவள் ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். “அப்ப அம்மா?”

“தெரியாதும்மா. மூடாத கண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு மட்டும் இப்பத் தெரியுது. அன்னைக்கு நான் உன்கிட்ட சொன்னது தப்பு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.”

“இவர் நெருப்பு பார்த்த மனுஷன். அம்மா என்னத்தைப் பார்த்தாங்க?”

அவள் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

“என்னை எடுங்க அண்ணா. அதே மாதிரி வச்சு. நான் மூடாம இருக்கேனான்னு பார்க்கணும். அவங்க பொண்ணுதானே நான்.”

சக்கரத்தைத் தானியங்கியில் வைத்தார். கூட்டாளியை ஒன்றாம் எண்ணில் வைத்து மெஷின் மேல் ஏற்றிக் கூரைக்குத் திருப்பினார். ஜன்னலை ஒட்டி நின்று அழுத்தினார். திரையைத் திருப்பிக் காட்டினார். மூடியிருந்தாள்.

“இன்னொண்ணு” என்றாள்.

அதிலும் மூடியிருந்தாள். மூன்றாவதில் மூடியிருந்தாள். ஏழாவதில் கண்ணீர் வழிந்தது, வெளிச்சத்தின் கண்ணீரா என்று இவர் கேட்கவில்லை. பதினோராவதில் இமைகள் பாதிவரை இறங்கி நின்றிருந்தன. அந்தப் படத்தை அவள் நெடுநேரம் வைத்துப் பார்த்தாள்.

“மூடறது குறையுது இல்லையா அண்ணா?”

“குறையுதும்மா.”

“இன்னொண்ணு” என்றாள். கூட்டாளி மெல்லிய குரலில் கீச்சிட்டு மறுபடி தன்னை நிரப்பிக்கொண்டிருந்தது. நிரம்பியதைக் காட்டும் அதன் சிவப்பு விளக்கு எரியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.